கூடிப்போன ஒரு ‘ல்’

வவுனியா
14.02.2024

அன்புள்ள தம்பி சுமனுக்கு,

இங்கு நானும் அத்தானும் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும். ஆகவே சுகமா என்று கேட்டு மையை வீணாக்கப் போவதில்லை.

போன் இருக்க அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு இருபது நிமிடம் கதைத்தேன். கதைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தர்மிளா எடுத்து, “மச்சாள், அவர் போனைக் கதிரையில வச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டார்” என்கிறாள். அவ்வளவு நேரமும் நான் கதிரைக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். இனி எல்லாம் எழுத்தில்தான். பதிலும் எழுத்தில்தான் வரவேண்டும். காகிதத்துக்கு “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று சொல்லித் தப்ப முடியாது.

உன் இடது கால் பெருவிரல் நுனி நீலமாகிவிட்டதாம். நகத்தடியில் வந்த புண் தைப்பொங்கலில் இருந்து ஆறவில்லையாம். வயலுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் குந்திவிட்டுத்தான் எழும்புகிறாயாம். எல்லாம் தர்மிளா சொன்னவை. கேட்டால், கடைசி யுத்தத்தில் பாய்ந்து கெண்டைக்காலுக்குள் கிடக்கும் செல் துண்டுதான் காரணம் என்கிறாயாம். அந்தத் துண்டு பாவம். பதினைந்து வருடமாக ஒரு மூலையில் பேசாமல் கிடக்கிறது. உனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் அதுதான்.

நான் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். முன்பு வந்தவர்கள் எல்லாம் மிதிவெடி, எறிகணை. இப்போது சீனி வருத்தக்காரர்தான் கூட. ஆனால் போன மாதம் ஒருவர் வந்தார். உன்னுடைய வயது. சீனியும் இல்லை, வெடியும் இல்லை. “எப்படித் தொடங்கினது?” என்று கேட்டேன். “பெருவிரல் நுனி நீலமாச்சு அக்கா” என்றார். பதினைந்து வயதில் இருந்து பீடி.

நீ பத்தொன்பதில் தொடங்கினாய். நாளைக்கு ஒரு கட்டு. காலபோக அறுவடை முடிகிறதோ இல்லையோ, கிளிநொச்சிக்கு வா. நானும் வருகிறேன். டொக்டரிடம் காட்டுவோம். அதுவரைக்குமாவது அந்தப் பீடியை வாயிலிருந்து எடு.

அன்புடனும் ஆத்திரத்துடனும்,
அக்கா விமலேஸ்வரி

*

ஜெயபுரம்
02.03.2024

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையில் தரும்போதே, “யாரடாப்பா உனக்குக் கடிதம் எழுதுறது? கோட்டு வழக்கோ?” என்று கேட்டார். அக்கா என்றேன். “அப்ப வழக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரல் நீலம் இல்லை, கொஞ்சம் கருப்பு. நெல்லு மூட்டை விழுந்த அடி. தர்மிளா முன்பள்ளி ரீச்சர், ஆகவே எல்லாவற்றுக்கும் நிறம் சொல்லுவாள். நீங்கள் கால் இல்லாதவர்களையே காலை முதல் மாலை வரை பார்க்கிறீர்கள், ஆகவே கால் உள்ளவனைக் கண்டாலும் உங்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

பீடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்பது வருடம் முகமாலையில் முழங்கால் ஊன்றிக் கண்ணிவெடி எடுத்தவன். அரை மணித்தியாலம் மண்ணைச் சுரண்டினால் பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு பீடி பத்தினால்தான் கை நடுக்கம் நிற்கும். நடுங்குகிற கையோடு திரும்பப் போகமுடியாது. என்னோடு வெடி எடுத்த கதிர்காமநாதன் அண்ணைக்கு வெடித்த அன்று நான் பக்கத்து வரிசையில் இருந்தேன். அன்றைக்குப் பத்தியது எத்தனை என்று எனக்கே தெரியாது. அவருக்குக் கால் செய்து கொடுத்தது நீங்கள்தான். எனக்கு இரண்டு கையும் இரண்டு காலும் மிச்சமிருப்பது அந்தப் பீடியால் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அங்கே ஆபத்து உள்ள இடத்தில் சிவப்பு நுனித் தடி நட்டிருப்போம். அதைத் தாண்டி ஒரு விரல் வைக்கமாட்டேன். சிகரட் பெட்டியில் பயங்கரப் படமெல்லாம் போட்டிருக்கிறார்கள். எங்கள் கடைப் பீடிக் கட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஆபத்து என்றால் ஒரு தடி நட்டிருக்கமாட்டார்களா?

சரி, ஏசவேண்டாம். நெல்லு காய்ந்ததும் வருகிறேன். அத்தானையும் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு காலுள்ள தம்பி,
சுமன்

*

வவுனியா
22.03.2024

தம்பி சுமனுக்கு,

டொக்டருக்கு முன்னால் உன் தலையில் குட்டாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பட்டம் தரவேண்டும்.

“பீடி, சிகரட் பாவிக்கிறீங்களோ?” என்று அவர் கேட்கிறார். நீ, “இடைக்கிடை சேர்” என்கிறாய். பக்கத்தில் நான் இருக்கிறேன். உன் சட்டைப் பையில் கட்டு இருக்கிறது, வெளியே தெரிகிறது. அந்த மனுசன் உன் வலது கையைப் பிடித்து விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் போட்டுக் குளித்தது மாதிரி இருந்தது. “இடைக்கிடை எண்டா எந்த இடைக்கு எந்த இடை?” என்றார். அப்போதும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

அங்கே நடந்ததை நீ வீட்டில் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாய் என்று தெரியும். ஆகவே எழுதி வைக்கிறேன், தர்மிளாவும் வாசிக்கட்டும். எக்ஸ்ரேயில் செல் துண்டு தெரிகிறது. சதைக்குள் கிடக்கிறது, இரத்தக் குழாய்க்குக் கிட்டவும் இல்லை. அதன் பாட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எடுத்த ஸ்கானில்தான் விஷயம் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே போகிற சின்ன இரத்தக் குழாய்கள் வீங்கி அடைபட்டுக்கொண்டு வருகின்றன. விரலுக்கு இரத்தம் போகவில்லை, அதுதான் புண் ஆறவில்லை. இந்த வருத்தம் பெரும்பாலும் உன்னைப்போல நாற்பதுக்குக் கிட்டிய, பீடியும் கையுமாக இருக்கிற ஆண்களுக்குத்தான் வருமாம்.

டொக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: “இதுக்கு மருந்து எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. புகையிலையை முழுசா விடோணும். குறைக்கிறது இல்லை, விடுறது. விட்டா விரலோட நிக்கும். விடாட்டில் பாதம், பிறகு முழங்கால், பிறகு மற்றக் கால்.”

அதற்குப் பிறகு பஸ்ஸில் நீ கேட்டாயே ஒரு கேள்வி. “அவர் வருத்தத்தின்ர பேர் பேகர் எண்டார் என்ன? அது பாணுக்குள்ள இறைச்சி வச்சு விக்கிறதெல்லோ? நான் அதை ஒரு நாளும் சாப்பிடேல்லையே அக்கா.” பஸ்ஸில் இருந்த சனம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சிரித்திருக்கக் கூடாது.

விட்டுவிடு தம்பி. இது புத்தி இல்லை, கெஞ்சல்.

அக்கா

*

ஜெயபுரம்
10.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள். புகை இல்லை. திரும்பவும் எழுதுகிறேன், புகை இல்லை.

இன்றோடு பதினாறு நாள். கலண்டருக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘புகையில்லை’. தர்மிளா பார்த்துவிட்டு எழுத்து வடிவாயிருக்கிறது என்றாள். கடைசியாக இருந்த கட்டைக் குசினி அடுப்புக்குள் போட்டேன். அதுதான் கொஞ்சம் பிழைத்துவிட்டது. குசினி முழுக்கப் புகை. “உங்கட கட்டு முழுக்க நான் ஒரேயடியாய்ப் பத்தி முடிச்சிட்டன்” என்று இருமி இருமி ஏசினாள்.

முதல் நாலு நாளும் கண்ணில் பட்டவர்களோடெல்லாம் சண்டை. மாட்டோடும் சண்டை. இப்போது பரவாயில்லை. வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, வெற்றிலையைப் போட்டுச் சமாளிக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைக்கு வருவதாக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்து பொங்குவோம்.

இனியாவது உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல வார்த்தை வருமா?

புகையில்லாத தம்பி,
சுமன்

*

வவுனியா
08.05.2024

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று வார்ட்டில் உன்னை அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

பெருவிரலோடு பக்கத்து விரலையும் எடுக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். நீ களவாகப் பத்துகிறாய் என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். பக்கத்துக் கட்டில் ஐயா எழும்பி வெளியே போய்விட்டார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். பிறகு தர்மிளா என்னை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளை யதுர்ஷிகாவின் மேல் சத்தியம் பண்ணினாள். “ஒரு பீடி தொடேல்ல மச்சாள். நெருப்புப் பெட்டி கூடப் பொக்கற்றில இல்லை. நான் ஒவ்வொரு நாளும் சட்டை தோய்க்கிறன், மணம் இல்லை” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விட்டால் விரலோடு நிற்கும் என்றார்கள். நீ விட்டுவிட்டாய், நிற்கவில்லை. டொக்டரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். ஒருவேளை நீ சொன்னதுதான் சரியோ, அந்தத் துண்டைத்தான் எடுக்கவேண்டுமோ என்று நானே அவரிடம் கேட்டேன். பதினான்கு வருடம் இந்த வேலை பார்த்தவள் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன்.

உன்னை நம்பாமல் விட்டது என் பிழை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறேன்.

அக்கா

*

ஜெயபுரம்
14.05.2024

அக்கா,

மன்னிப்பு வழங்கப்பட்டது. உங்கள் கையெழுத்தில் மன்னிப்பு என்று எழுதிய ஒரே கடிதம் என்பதால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

விரல் இரண்டையும் எடுத்தாயிற்று, வலி குறைவு. இடது காலுக்கு மூன்று விரல் போதும், நான் என்ன பியானோவா வாசிக்கப் போகிறேன்?

சுமன்

*

வவுனியா
24.05.2024

சுமனுக்கு,

என் மன்னிப்பைத் திருப்பி அனுப்பு. அலுமாரியைத் திறந்து இன்றைக்கே எடுத்துத் தபாலில் போடு.

திங்கட்கிழமை வற்றாப்பளையில் நான் எவ்வளவு சந்தோசமாக நின்றேன் தெரியுமா? அந்தச் சன நெரிசலுக்குள் நீ கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாய். பொங்கல் பொங்கி வழிந்தது. கற்பூரம் கொளுத்த நெருப்புப் பெட்டி கேட்டேன். “என்னட்ட ஏது அக்கா நெருப்பு? விட்டு ரெண்டு மாசமாகுதெல்லோ” என்று ஊருக்கே கேட்கச் சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு திருநீற்றுப் பொட்டலத்தை உன் சட்டைப் பைக்குள் வைக்கலாம் என்று கையை விட்டேன். ஒரு காகிதச் சரை தட்டுப்பட்டது. விரித்தால் வெற்றிலை, பாக்கு, அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த புகையிலை.

“இது என்னடா?” என்று கேட்டேன். நீ முழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “இதில புகை இல்லை அக்கா, இலை மட்டும்தான்” என்கிறாய்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று தர்மிளாவைக் கேட்டேன். எட்டு, பத்து என்றாள். “அது வெத்திலைதானே மச்சாள், பீடி இல்லையே” என்று அவளும் சொல்லுகிறாள். அவளை என்ன ஏசுவது? வார்ட்டில் உன் வாய் சிவந்திருந்ததை நானும்தான் பார்த்தேன். பீடி மணம் வருகிறதா என்று மோப்பம் பிடித்தேனே தவிர, கண்ணுக்கு முன்னால் இருந்த வாயைப் பார்க்கவில்லை. சித்திரையில் நீ எழுதிய கடிதத்திலும் வெற்றிலை என்று இருக்கிறது. அதையும் வாசித்தேன். எங்கள் சனத்துக்கு வெற்றிலை என்றால் மங்கலம், சந்தேகம் வராது.

செவ்வாய்க்கிழமை டொக்டருக்குப் போன் எடுத்தேன். சரையைப் பற்றிச் சொன்னேன். “அம்மா, பத்தினா என்ன, சப்பினா என்ன, இரத்தத்துக்குள்ள போறது ஒரே சாமான்தான். அந்த மனுசன் ஒரு நாளும் விடவேயில்லை” என்றார்.

ஒரு நாளும் விடவேயில்லை. கலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறாயே, ‘புகையில்லை’ என்று. அதில் ஒரு ‘ல்’லை வெட்டிவிட்டு வாசித்துப் பார். அதுதான் உன் வீட்டில் இருக்கிறது.

அக்கா

*

ஜெயபுரம்
09.06.2024

அக்கா,

நீங்கள் கோயிலில் வைத்து என் சரையைப் பறித்து எறிந்தது சரியில்லை. ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு முப்பத்தொன்பது வயது.

டொக்டர் புகையை விடச் சொன்னார், விட்டேன். உங்கள் யாருக்கும் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. இருபது வருடம் கையில் இருந்த ஒன்றை ஒரு நாளில் அடுப்பில் போட்டேன். அதற்கு ஒரு நல்ல சொல் இல்லை. இலையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் இருந்து புகையிலை போட்டவா. எழுபத்தொரு வயதுமட்டும் இரண்டு காலோடுதான் இருந்தவா. அவாவுக்கு ஒரு டொக்டரும் கால் எடுக்கவில்லை.

ஒன்பது வருடம் வெடிக்கு மேல் முழங்காலில் இருந்தவன் நான். அந்த வெடி எடுக்காத காலை ஒரு இலை எடுக்கும் என்றால் நான் நம்பமாட்டேன். துண்டை எடுத்தால் எல்லாம் சரிவரும். வேறு டொக்டரைப் பார்க்கப்போகிறேன்.

சுமன்

*

வவுனியா
20.06.2024

சுமனுக்கு,

யாரும் சொல்லவில்லையா? என் பங்குனி மாதக் கடிதத்தை எடு. டொக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கிறேன். “புகையிலையை முழுசா விடோணும்.” புகையை என்று இல்லை. நீ உனக்கு வேண்டிய பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் துப்பியிருக்கிறாய்.

அம்மாவை இதற்குள் இழுக்காதே. அவாவின் கடைசி வருடம் வாய்ப்புண்ணால் சோறு விழுங்காமல் போனதை நீ முகமாலையில் இருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கஞ்சியை வடித்துக் கரண்டியால் பருக்கியது நான்.

இந்தக் கையால் நூற்றுக்கணக்கான கால் அளந்திருக்கிறேன். எவரும் தாங்களாகக் கேட்டு வாங்கியதில்லை, அவர்கள்மேல் வந்து விழுந்தது. நீ ஒருவன்தான் கேட்டு வாங்குகிறாய். ஆகவே இப்போதே எழுதி வைக்கிறேன். உன் காலை நான் அளக்கமாட்டேன். வேறு யாரிடமும் போய் அளந்துகொள். இனிக் கடிதமும் எழுதமாட்டேன்.

விமலேஸ்வரி

*

ஜெயபுரம்
02.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதமாட்டேன் என்றீர்கள், எழுதவில்லை. ஆனால் ஐப்பசியில் காலை எடுத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். கட்டிலடியில் இருந்து இரண்டு தோடம்பழம் உரித்தீர்கள். கொட்டையெல்லாம் எடுத்துத் தந்தீர்கள். ஒரு சொல் கதைக்கவில்லை. நீங்கள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்திருக்கிறார்கள். தையல் பிரித்து ஒரு மாதமாகிறது. அந்தச் செல் துண்டும் வெட்டிய காலோடு போய்விட்டது. இனி எதற்கும் அதைச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு உதவி. கால் கேட்டு விண்ணப்பிக்க உங்கள் இடத்துப் படிவம் வேண்டும். போன கிழமை கிளினிக்குக்குப் பஸ்ஸில் போனேன். கொண்டக்டர் எழும்பி இடம் எடுத்துத் தந்து, “மிதிவெடியோ அண்ணை?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? முன்னால் இருந்த ஒரு அம்மா என் தலையைத் தடவி, “எங்களுக்காக இழந்த பிள்ளை” என்றா. நான் டிக்கெட்டும் எடுக்கவில்லை.

யதுர்ஷிகாவும் பள்ளிக்கூடத்தில் அப்பா வெடி எடுக்கப்போய்க் கால் போனது என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் சொன்னது. படிவத்தில் காரணம் என்று ஒரு இடம் இருக்குமாமே. அதை நிரப்புவது நீங்கள்தானே. மிதிவெடி என்று போட்டுவிடுங்கள். ஒன்பது வருடம் அதற்குள் கிடந்தவன்தானே, முழுப்பொய்யும் இல்லை. பீடிக்காரன் என்று கோப்பில் இருந்தால் எனக்குத் தலை நிமிராது.

இன்னொன்று. குளிக்கும்போது வலது காலின் சின்ன விரல் வெள்ளையாகப் போகிறது, ஐஸ் மாதிரிக் குளிருகிறது. மழைக்காலம்தானே, அதுவாக இருக்கும்.

சுமன்

*

வவுனியா
15.12.2024

தம்பி சுமனுக்கு,

காலை அளக்கமாட்டேன் என்று எழுதினேன். அதை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறு மாதமாகத் திரிகிறேன். தோடம்பழம் உரித்த அன்று கிளிநொச்சியில் பஸ் ஏறியது தொடக்கம் வவுனியா வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் உன்னை ஏசுவேனா, கட்டிப்பிடித்து அழுவேனா என்று தெரியவில்லை. அதுதான் திறக்கவில்லை.

அளக்கிறேன். வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

ஆனால் நீ எழுதியிருக்கிறாயே, “மழைக்காலம்தானே, அதுவாக இருக்கும்.” அதை வாசித்ததும் எனக்குப் பழைய கோபமெல்லாம் வட்டியோடு வந்துவிட்டது. துண்டு போனது, இப்போது மழை வந்துவிட்டதா? அந்த இடது விரலும் முதலில் குளிர்ந்துதான் நீலமானது. இரண்டு பக்கக் கடிதத்தில் கொண்டக்டர் வருகிறார், பஸ்ஸில் இருந்த அம்மா வருகிறா, சரை என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. நான் தேடித் தேடி வாசித்தேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் மிதிவெடி, எறிகணை, விபத்து, நீரிழிவு என்று அச்சடித்திருக்கும். கடைசியில் ‘வேறு’ என்று ஒரு சின்னக் கோடு. மற்றதெல்லாம் நான் நிரப்பிவிட்டேன், அதை மட்டும் விட்டிருக்கிறேன். நீயே உன் கையால் எழுது. மிதிவெடி என்று எழுதினால் நான் வெட்டமாட்டேன். ஆனால் ஒன்றை யோசி. மிதிவெடி என்றால் எந்த இடம், எந்தத் திகதி என்று கேட்பார்கள். ஜெயபுரத்தில் இன்னும் வெடி கிடக்கிறதா என்று பார்க்க ஆள் வரும். உன்னோடு வேலை செய்த பிள்ளைகளே வந்து உன் வயலில் சிவப்புத் தடி நட்டு, இல்லாத வெடியை முழங்கால் ஊன்றித் தேடுவார்கள்.

உனக்கு இரண்டு கால் செய்ய என்னால் ஏலாது சுமன். ஒன்றுக்குத்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது.

அக்கா

*

ஜெயபுரம்
26.01.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் வந்த நாளில் இருந்து அதைக் கலண்டருக்குக் கீழே செருகி வைத்துவிட்டு, முன்னாலும் பின்னாலும் கெந்திக்கொண்டு திரிந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும், போன கடிதத்தில் எழுதாமல் விட்டது.

அந்தப் பஸ்ஸில் கொண்டக்டருக்கு நான் ஓம் என்று சொன்னபோது, எனக்குப் பின்னால் இரண்டாவது சீற்றில் கதிர்காமநாதன் அண்ணை இருந்தார். இறங்கும்போதுதான் கண்டேன். நீங்கள் செய்து கொடுத்த காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தார். அவர் டிக்கெட் எடுத்திருந்தார், கையில் இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் காணாத மாதிரி இறங்கிவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றியெல்லாம் கதைத்தார். எழும்பும்போது சிரித்துக்கொண்டே, “டேய், ஒன்பது வருசமா எத்தினை வெடி எடுத்தனி. கடைசியா என்ர வெடியையும் எடுத்திட்டியோ?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு கேட்டதால் என்னால் தலை தூக்க முடியவில்லை. அவர் படலை தாண்டுமட்டும் கதிரையிலேயே இருந்தேன். அதன் பிறகு தர்மிளாவைக் கூப்பிட்டு, சுவர் இடுக்கில் ஒளித்து வைத்திருந்த சரையை எடுத்துக்கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மூன்றாம் நாளே திரும்பத் தொடங்கிவிட்டேன் அக்கா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் அடுப்பில் போடவில்லை, பழைய அனுபவம் இருக்கிறது. கிடங்கு வெட்டித் தாட்டாள்.

இருபத்தெட்டு நாள் ஆகிறது. நடுவில் தைப்பொங்கலன்று ஒரு வாய் போட்டேன், பாதியில் துப்பினேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துக் கத்தவேண்டாம். பீடியும் இல்லை, சுருட்டும் இல்லை, இலையும் இல்லை. மாட்டோடு மறுபடியும் சண்டை. கொண்டக்டர் இப்போதும் இடம் எடுத்துத் தருகிறார். டிக்கெட் எடுத்துக்கொண்டு, “வெடி இல்லைத் தம்பி, பீடி” என்றேன். தன் சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னால் போனார்.

யதுர்ஷிகாவிடமும் சொன்னேன். “அப்ப ரீச்சரிட்ட மாத்திச் சொல்லோணுமோ?” என்று கேட்டாள். சொல்லு என்றேன்.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். ‘வேறு’ என்ற கோட்டில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு அலங்கோலம் நடந்துவிட்டது, கோபிக்க வேண்டாம். ஒன்பது மாதமாகச் சுவரில் பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டது, காரணம் ‘புகையில்லை’ என்று எழுதிவிட்டேன். தர்மிளா எட்டிப் பார்த்துவிட்டு முன்பள்ளிச் சிவப்புப் பேனாவை எடுத்துவந்து ஒரு ‘ல்’லை வெட்டினாள். பிள்ளைகளுக்குத் திருத்துவது போலப் பக்கத்தில் ஒரு சரியும் போட்டுவிட்டாள். அரசாங்கப் படிவத்தில் சிவப்புக் கூடாதென்றால் உங்கள் அலுவலகத்தில் நீங்கள்தான் சொல்லிச் சமாளிக்கவேண்டும்.

வலது கால் சின்ன விரல் இன்னும் முழுதாகச் சூடேறவில்லை. ஆனால் வெள்ளையாகப் போவது குறைந்திருக்கிறது. தர்மிளா ஒவ்வொரு நாளும் காலையில் தொட்டுப் பார்த்து நிறம் சொல்லுகிறாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அளவு நாடாவை எடுத்து வையுங்கள். செய்கிற காலுக்குச் சோடி பார்க்க மற்றக் காலையும் அளப்பீர்கள் என்று கதிர்காமநாதன் அண்ணை சொன்னார். அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

உங்கள் தம்பி,
சுமன்